சிலோன் ரேடியோ முதல் நியூயார்க் 880 வரை... ஒரு வானொலிக்கு அதன் பெயர் எவ்வளவு முக்கியம்?

நியூயார்க்கில் 2024 ஆகஸ்ட் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நள்ளிரவு 12 மணி ஆனதும் 880 ஏ.எம். அலைவரிசையில் செய்தி நின்றது. விளையாட்டு ஒலிபரப்பு தொடங்கியது. கூடவே ஸ்டேஷனின் பெயரும் மாறியது. நகரமே அறிந்திருந்த 'டபிள்யூ.சி.பி.எஸ்.', அந்த நிமிடத்தில் இருந்து 'டபிள்யூ.ஹெச்.எஸ்.க்யூ.' ஆனது.

1967 முதல், ஏறக்குறைய 57 வருடங்கள் செய்திக்கென்றே இருந்த நிலையம் அது. எட்டு மணி எட்டு நிமிடம், எட்டு பதினெட்டு, எட்டு இருபத்தெட்டு என, ஒவ்வொரு 'எட்டாம்' நிமிடத்திலும் போக்குவரத்து நிலவரத்தையும் வானிலையையும் சேர்த்துச் சொல்வது அதன் அடையாளம். எந்தப் பாலத்தில் நெரிசல், எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்று அதைக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியவர்கள் அந்த நகரத்தில் ஏராளம். அப்பா காரில் கேட்ட ஸ்டேஷனை மகனும் தன் காரில் கேட்டான்.

இந்த மூடுவிழாவில் பலரையும் உறுத்திய விஷயம் அந்த எழுத்துகள்தான். செய்தி வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் இன்னொரு செய்தி நிலையமான '1010 வின்ஸ்' இருக்கிறது. போன் இருக்கிறது. ஆனால், வாழ்நாள் முழுக்க வாயில் புழங்கிய ஒரு பெயர் அந்த இடத்தில் இல்லை.

அப்படியென்றால், வெறும் நான்கு எழுத்துகளுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா? எல்லாமே ஆப்பில் ஓடும் இந்தக் காலத்தில் அவை யாருக்குத் தேவை? அமெரிக்க ரேடியோ உலகில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு இது.

கப்பலில் இருந்து வந்த பெயர்

நம்மூரில் 'கால் லெட்டர்' என்றால் வேலைக்கான நேர்காணலுக்கு வரும் கடிதம். அமெரிக்க ரேடியோக்காரர்களுக்கு 'கால் லெட்டர்ஸ்' என்பது நிலையத்தின் சட்டப்பூர்வமான பெயர். அழைப்பெழுத்துகள் என்று சொல்லலாம். வண்டிக்கு நம்பர் பிளேட் போல, ஒரு நிலையத்துக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குக் கிடையாது.

இது ரேடியோவுக்கு முன்பே, கப்பல்களில் தொடங்கிய வழக்கம். தந்தி முறையில் 'கட்டுக் கட கட்' என்று கம்பியில்லாமல் பேசிக்கொண்ட காலத்தில், யார் பேசுகிறார்கள் என்று தெரிய ஒவ்வொரு கப்பலுக்கும் சுருக்கமான ஒரு குறியீடு இருந்தது. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக், உதவி கேட்டுக் கூப்பிட்டது 'எம்.ஜி.ஒய்.' என்ற தன் எழுத்துகளைச் சொல்லித்தான்.

அதே 1912-ல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டின் ஏற்பாட்டில் எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்று பங்கு பிரிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை 'டபிள்யூ'வும் 'கே'வும். 1923-ல் இருந்து மிசிசிப்பி ஆறுதான் எல்லைக்கோடு. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் நிலையத்தின் பெயர் 'டபிள்யூ'வில் தொடங்கும். மேற்கே இருந்தால் 'கே'.

அதற்கு முன்பே பெயர் வாங்கியவை மட்டும் விதிவிலக்கு. பிட்ஸ்பர்க் நகரின் 'கே.டி.கே.ஏ.' அப்படி ஒன்று. 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பி வரலாற்றில் இடம்பிடித்த நிலையம் இது. இத்தனை புகழ்பெற்ற அந்த நான்கு எழுத்துகளுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. கப்பல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பட்டியலில் வரிசைப்படி வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடங்களுக்குப் பிறகும் பிட்ஸ்பர்க்கில் அதே பெயர்தான்.

'கே.ஒய்.டபிள்யூ.' கதை இன்னும் வேடிக்கை. 1921-ல் சிகாகோவில் பிறந்த நிலையம், 1934-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1956-ல் கிளீவ்லாந்துக்குப் போனது. 1965-ல் மறுபடி ஃபிலடெல்ஃபியா. வீடு மாறும்போதெல்லாம் குலதெய்வத்தின் படத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் போல, போன இடத்துக்கெல்லாம் மூன்று எழுத்துகளையும் தூக்கிக்கொண்டே போனார்கள்.

கடை போனது, பெருமை நிற்கிறது

வரிசையில் கிடைப்பதை வாங்கிக்கொள்வதைவிட, பிடித்த எழுத்துகளைக் கேட்டு வாங்கினால் விளம்பரம் ஆகுமே என்று சிலர் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

சிகாகோவில் 1924-ல் சியர்ஸ் நிறுவனம் ஆரம்பித்த நிலையம் 'டபிள்யூ.எல்.எஸ்.'. 'உலகின் மிகப் பெரிய கடை' என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. அதே ஊரின் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் விடுமா? 'உலகின் தலைசிறந்த நாளிதழ்' என்ற பொருள் வரும்படி 'டபிள்யூ.ஜி.என்.' என்று வைத்துக்கொண்டது. நாஷ்வில்லில் 1925-ல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது 'டபிள்யூ.எஸ்.எம்.'. 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்பது அதன் விரிவு. கன்ட்ரி இசையின் கோயில் என்று கொண்டாடப்படும் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சி பிறந்தது அங்கேதான்.

இன்று? சியர்ஸ் தன் நிலையத்தை 1928-லேயே விற்றுவிட்டது. ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கக் கொடிகட்டிப் பறந்த அந்தக் கடைச் சங்கிலி 2018-ல் திவால் மனு போட்டது. பெரும்பாலான கடைகள் மூடப்பட்டுவிட்டன. ஆனால், 'உலகின் மிகப் பெரிய கடை' சிகாகோவின் 890 ஏ.எம்.மில் மணிக்கொரு முறை ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடை நினைவுக்கு வரும்? 'டபிள்யூ.எல்.எஸ்.' என்றால் அவர்களுக்கு ஒரு ரேடியோ ஸ்டேஷன், அவ்வளவுதான். எழுத்துகள் தங்கள் முதல் முதலாளியையே மறந்துவிட்டன.

டைரியில் எழுதினால்தான் காசு

1960-களில் அமெரிக்க ரேடியோக்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, பாடின. டாலஸ் நகரில் இருந்த 'பாம்ஸ்' போன்ற நிறுவனங்கள், நிலையத்தின் எழுத்துகளுக்கு மெட்டுப் போட்டு, பாடகர் குழுவை வைத்துப் பதிவுசெய்து விற்றன. இரண்டு பாடல்களுக்கு நடுவில் சில நொடிகள் வந்துபோகும் அந்த 'ஜிங்கிள்'களை, அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அளந்து சொன்ன நிறுவனம் ஆர்பிட்ரான். தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு சின்ன டைரியை அனுப்பும். ஒரு வாரம் எதை, எப்போது கேட்டோம் என்று நேயரே கையால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒருவர் நாள் முழுக்க ஒரு நிலையத்தைக் கேட்டிருக்கலாம். டைரியைத் திறக்கும்போது பெயர் ஞாபகம் வராவிட்டால் அவர் கேட்டது கணக்கில் வராது. கணக்கில் வராவிட்டால் விளம்பரக் கட்டணம் குறையும்.

ஆகவே, பாட்டுக்குப் பாட்டு பெயரைச் சொன்னார்கள். காரில் ஒட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பரிசுப் போட்டி வைத்தார்கள். நேயரின் மனதில் அந்த எழுத்துகளைப் பச்சை குத்துவதுதான் அன்றைய பிராண்டிங்.

2007-ல் இந்தக் கதை மாறத் தொடங்கியது. 'போர்ட்டபிள் பீப்பிள் மீட்டர்' என்ற பேஜர் போன்ற கருவியை ஆர்பிட்ரான் பெருநகரங்களில் அறிமுகப்படுத்தியது. ஒலிபரப்பில் மனிதக் காதுக்குப் பிடிபடாத ஒரு சங்கேதம் கலந்திருக்கும். நேயர் இடுப்பில் செருகியிருக்கும் கருவி அதைத் தானாகவே பிடித்துக் குறித்துக்கொள்ளும். சிறிய ஊர்களில் டைரி நீண்ட காலம் நீடித்தாலும், பெருநகரங்களில் பெயரை ஞாபகம் வைத்திருக்க வேண்டிய வேலை நேயரிடம் இருந்து கருவிக்குப் போய்விட்டது.

ஜாக் வந்தார், ஜாக் போனார்

செல்லப்பெயர்கள் அதற்கு முன்பே பெருகத் தொடங்கியிருந்தன. ஆங்கிலத்தில் மற்ற எழுத்துகளெல்லாம் ஒரே அசையில் முடியும்போது, 'டபிள்யூ' மட்டும் வாயில் நீளும். அதைச் சொல்லும் நேரத்தில் 'கிஸ் எஃப்.எம்.' என்று முழுப் பெயரையே சொல்லி முடித்துவிடலாம். நியூயார்க்கின் புகழ்பெற்ற 'இசட் 100' நிலையத்தின் சட்டப்பூர்வமான பெயர் 'டபிள்யூ.ஹெச்.டி.இசட்.' என்பது அதன் ரசிகர்களில் பலருக்கே தெரியாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது வசதி. ஒரே பெயர், ஒரே லோகோ, ஒரே மாதிரி பாடல்கள் என்று பத்து ஊர்களில் பத்து 'கிஸ் எஃப்.எம்.' நடத்தலாம்.

ஆனால், செல்லப்பெயர் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. நியூயார்க்கின் 101.1 எஃப்.எம்.மில் இருந்தது 'டபிள்யூ.சி.பி.எஸ்.-எஃப்.எம்.'. 1972-ல் இருந்து பழைய பாடல்களுக்குப் பெயர்போன நிலையம். 2005 ஜூன் 3 அன்று, திடீரென்று பழைய தொகுப்பாளர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். வந்தது 'ஜாக் எஃப்.எம்.'. கனடாவில் தொடங்கிப் பல நகரங்களில் ஓடிக்கொண்டிருந்த பாணி அது. தொகுப்பாளர்கள் கிடையாது. பல காலத்துப் பாடல்களைக் கலந்து போடுவார்கள்.

நேயர்கள் கொதித்தார்கள். கேட்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது. இரண்டே வருடங்களில், 2007 ஜூலை 12 அன்று, ஜாக் மூட்டையைக் கட்டினார். அலைவரிசை எண்ணுக்குப் பொருத்தமாக மதியம் மணி 1.01-க்கு பழைய 'சி.பி.எஸ்.-எஃப்.எம்.' திரும்பி வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜாக் இருந்த அந்த இரண்டு வருடங்களிலும் சட்டப்படி நிலையத்தின் அழைப்பெழுத்துகள் மாறவே இல்லை. அரசு ஆவணங்களில் அது 'டபிள்யூ.சி.பி.எஸ்.-எஃப்.எம்.' ஆகத்தான் இருந்தது. எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நேயர்கள்தான் இல்லை.

புயலில் ஒலித்த பெயர்

சான் ஃபிரான்சிஸ்கோவின் 'கே.ஜி.ஓ.' இதையே இன்னும் கசப்பாகச் சொல்கிறது. 1924-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தொடங்கிய நிலையம். உரையாடல் நிகழ்ச்சிகளால் பல்லாண்டுகள் அந்தப் பகுதியின் முதலிடத்தில் இருந்தது. 2022 அக்டோபர் 6 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, விளையாட்டுப் பந்தயச் சூதாட்டம் பற்றிப் பேசும் நிலையமாக அதை மாற்றினார்கள். 'தி ஸ்ப்ரெட்' என்று புதுப் பெயரும் வைத்தார்கள். அங்கேயும் சட்டப்படி 'கே.ஜி.ஓ.' என்ற எழுத்துகள் அப்படியே இருந்தன. அந்த எழுத்துகளுக்காக யாரும் தங்கிவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சியை 2005 ஆகஸ்ட்டில் நியூ ஆர்லியன்ஸில் பார்க்க முடிந்தது. கத்ரீனா புயலில் நகரம் மூழ்கியபோது மின்சாரம் இல்லை, போன் இல்லை, டி.வி. இல்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோ மட்டும் மிஞ்சியது. 870 ஏ.எம்.மில் 'டபிள்யூ.டபிள்யூ.எல்.' தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், உதவிக்கு எங்கே போவது என்று நேயர்கள் கேட்டார்கள், நேயர்களே சொன்னார்கள். நகர மேயர் மத்திய அரசைக் கடிந்து பேசிய புகழ்பெற்ற பேட்டியும் அதில்தான் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் நிலையங்களும் ஒன்றுசேர்ந்து அந்த ஒலிபரப்பைப் பகிர்ந்துகொண்டன.

வெள்ளத்துக்கு நடுவில் கூரைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த எண்ணைத் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாபகம் ஒரே நாளில் வந்ததும் அல்ல. 1922-ல் இருந்து அதே ஊரில், அதே பெயரில் பேசிக்கொண்டிருந்த நிலையம் அது.

நமக்கும் தெரிந்த கதைதான்

தமிழ் நேயர்களுக்கு நான்கெழுத்துப் பெயர்கள் பழக்கமில்லை. ஆனால், இந்தப் பாசம் பழக்கம்தான்.

'ரேடியோ சிலோன்' என்ற பெயர் 1967-லேயே போய்விட்டது. அந்த ஆண்டு அது கூட்டுத்தாபனம் ஆனது. நாட்டின் பெயர் மாறியபோது, 1972-ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் அந்தப் புதுப் பெயரைத் தினமும் வாய்நிறையச் சொன்னார்கள். அந்த அறிவிப்பைக் குரல் மாற்றாமல் நடித்துக்காட்டத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனாலும், வீட்டில் ரேடியோவைத் திருப்பச் சொல்லும்போது அது 'சிலோன்' மட்டும்தான். இன்றும் அப்படித்தான்.

டெல்லியில் இருந்து வந்த தமிழ்ச் செய்தியை எடுத்துக்கொள்ளலாம். நிலையத்தின் பெயரை அடுத்து 'வாசிப்பது சரோஜ் நாராயண்ஸ்வாமி' என்ற கம்பீரமான குரல் வரும்போதுதான் அந்தப் பெயருக்கே ஓர் உருவம் கிடைத்தது. 2023 மே மாதம், 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரைக் கைவிட்டு 'ஆகாஷ்வாணி' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதி உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் இருந்து எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அலைவரிசை அதேதான், நிகழ்ச்சியும் அதேதான். இருந்தும் பெயர் என்றதும் ஊர் பேசியது.

ஸ்பீக்கருக்குப் புரியும் பெயர்

இன்றைய நிலைமைக்கு வருவோம். அழைப்பெழுத்துகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அமெரிக்காவில் இன்னும் சட்டம். ஒலிபரப்பின் தொடக்கத்திலும் முடிவிலும், மணிக்கொரு முறையும், எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் செல்லப்பிள்ளையான இசட் 100-கூட, மணிக்கு ஒரு தடவை 'நூவார்க்' என்று பக்கத்து மாநிலத்து ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். உரிமம் அந்த ஊருக்குத்தான். செல்லப்பெயரில் ஓடும் பல நிலையங்கள் இதை விளம்பரங்களுக்கு நடுவில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடும்.

வாயால் சொல்லாவிட்டாலும் கருவிகள் அந்த எழுத்துகளை விடவில்லை. காரின் டேஷ்போர்டில் நிலையத்தின் பெயரைக் காட்டும் தொழில்நுட்பத்தில், ஒவ்வொரு அமெரிக்க எஃப்.எம். நிலையத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கணக்கிடுவதே அழைப்பெழுத்துகளை வைத்துத்தான்.

எதிர்பாராத இன்னொரு திருப்பம், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர். அதற்கு அலைவரிசை எண் தெரியாது. 'கிஸ் எஃப்.எம்.' போடு என்றால், எந்த ஊர் கிஸ் என்று குழம்பலாம். 'டபிள்யூ.என்.ஒய்.சி.' என்றால் உலகத்தில் ஒன்றுதான். 1924-ல் நியூயார்க் மாநகராட்சி தொடங்கி, இன்று பொது வானொலியாக இயங்கும் நிலையம். கப்பல்கள் ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு, நூறு வருடங்கள் கழித்து ஸ்பீக்கர் குழம்பாமல் இருக்கவும் பயன்படுகிறது.

பழைய பெயரை நம்பிப் பணம் போட்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் 'டபிள்யூ.ஏ.பி.சி.' ரேடியோவை 1.25 கோடி டாலருக்கு வாங்கிய தொழிலதிபர் ஜான் கட்சிமடிடிஸ், 2020-ல் அதைக் கைக்கொண்டபோது எழுத்துகளை மாற்றவில்லை. 'ஏ.பி.சி.' டி.வி. நிறுவனத்துக்கும் அந்த ரேடியோவுக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. பெயரோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 60-களில் அதே நிலையத்தில் நட்சத்திரமாக இருந்த 'கசின் புரூசி' என்ற புரூஸ் மோரோவை, அந்த ஆண்டே சனிக்கிழமை இரவுகளுக்குத் திரும்ப அழைத்து வந்தார். பழைய பெயருக்குள் பழைய குரலையும் கொண்டுவந்து வைத்தார்.

ஓர் அலைவரிசை, நான்கு முக்கியப் பெயர்கள்

880-ன் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 'டபிள்யூ.சி.பி.எஸ்.' அதற்குப் பிறவிப் பெயர் அல்ல.

1924-ல் ஆல்ஃபிரட் ஹெச். கிரீபி என்ற ரேடியோ தயாரிப்பாளர் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டபிள்யூ.ஏ.ஹெச்.ஜி.' என்று தொடங்கியது அந்த நிலையம். பிறகு, அட்லான்டிக் பிராட்காஸ்டிங் கம்பெனியின் பெயரில் 'டபிள்யூ.ஏ.பி.சி.' ஆனது. ஆமாம், மேலே சொன்ன அதே எழுத்துகள்தான். 1946-ல் அதன் முதலாளியான சி.பி.எஸ். தன் பெயரைச் சூட்டியது. கழற்றிப் போட்ட 'டபிள்யூ.ஏ.பி.சி.' பெயரை, 1953-ல் போட்டி நிறுவனம் தன் நிலையத்துக்கு எடுத்து மாட்டிக்கொண்டது. 1946-ல் பழைய பெயருக்காக வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் புதுப் பெயரே பரம்பரைப் பெயர் ஆகிவிட்டது.

அது பரம்பரைப் பெயரானது சும்மா அல்ல. 1967-ல் செய்தி நிலையமாக மாறுவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஒரு சின்ன விமானம் அதன் ஒலிபரப்புக் கோபுரத்தில் மோதிக் கோபுரமே விழுந்துவிட்டது. மறுநாள் திட்டமிட்டபடி, எஃப்.எம். அலைவரிசையைக் கடன் வாங்கிச் செய்தியைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஒவ்வொரு பனிப்புயலிலும் ஒவ்வொரு மின்வெட்டிலும் பேசினார்கள்.

2024-ல் அந்தப் பேச்சை நிறுத்தியது எழுத்துகளின் பலவீனம் அல்ல, கணக்குப் புத்தகம். நிலையத்தின் உரிமையாளரான ஆடஸி நிறுவனம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. ஒரே நகரத்தில் இரண்டு செய்தி நிலையங்களை நடத்துவதற்கு நிருபர்கள், வாசிப்பாளர்கள், தயாரிப்பாளர்கள் என்று பெரிய செலவு. ஒன்றை நிறுத்திவிட்டு, அலைவரிசையை விளையாட்டு ஒலிபரப்புக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஆடஸியின் ஸ்டூடியோ இருக்கும் ஹட்சன் ஸ்கொயர் பகுதியின் பெயரில் இருந்து வந்தவைதான் புதிய எழுத்துகள்.

'டபிள்யூ.சி.பி.எஸ்.' என்ற எழுத்துகள் சாகவும் இல்லை. 101.1 எஃப்.எம்.மில் பாட்டுப் போடுகிறது. டி.வி.யின் சேனல் 2-ல் ஓடுகிறது. 880-ஐத் தேடும் பழைய நேயர்கள் இழந்தது, எட்டாம் நிமிடத்தில் 'இந்தப் பக்கம் போகாதீர்கள், நெரிசல்' என்று சொன்ன ஆளை.

அழைப்பெழுத்துகள் இன்னும் முக்கியமா என்ற கேள்விக்கு, ரேடியோ முதலாளிகள் யோசிக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. புதிய எழுத்துகளுக்கு இன்று இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் ஓர் ஊர் காதைத் தீட்டிக்கொள்ள, யாராவது தினமும் அங்கே உட்கார்ந்து அந்த ஊருக்காகப் பேச வேண்டும்.